ஆங்கில வாக்கியம் எங்கே பிசகுகிறது? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

வேலைக்கான விண்ணப்பம், விடுப்புக் கடிதம், அலுவலக மின்னஞ்சல், ஆய்வேட்டின் அத்தியாயம் என்று பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்தித் தருவது என் வேலை. எழுதுகிறவர்கள் மாறுகிறார்கள், பிழைகள் மாறுவதில்லை. இதை அறிவுக் குறைவு என்று நினைத்து வெட்கப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலான பிழைகளில் நடப்பது ஒன்றுதான்: வாக்கியத்தின் அமைப்பு தமிழாகவே இருக்கிறது, சொற்கள் மட்டும் ஆங்கிலமாகின்றன. தமிழில் அந்த அமைப்பு முற்றிலும் சரி. ஆங்கிலத்தில் எந்த இடத்தில் அது ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்தால் போதும்.

முழுவதையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வாக்கியத்தில் தெரிகிற அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிதில் சரியாகும் காரணம் முதலில் இருக்கிறது, அதிக உழைப்புக் கேட்பது பின்னால். ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழெழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், கண் தாண்டிப் போகும் பிழையைக் காது பிடித்துவிடும்.

## எந்த அறிகுறியானாலும் முதல் சோதனை

காலம் காட்டும் முற்றுவினை எது என்று தேடி அடிக்கோடிடுங்கள். பிறகு "யார்?" அல்லது "எது?" என்று அந்த வினையைக் கேட்டு, விடையாக வரும் எழுவாயை வட்டமிடுங்கள். இதற்கு அரை நிமிடம் ஆகும்.

- இரண்டு எழுவாய், இரண்டு வினை, நடுவில் வெறும் காற்புள்ளி: முதல் அறிகுறிக்குப் போங்கள்.
- வினையைக் காணவில்லை, அல்லது வட்டமிட எழுவாய் இல்லை: இரண்டாவது.
- வினை இருக்கிறது, காலம் உறுத்துகிறது: மூன்றாவது.
- எழுவாய் ஒருமை, வினை பன்மை, அல்லது நேர்மாறு: நான்காவது.
- இரண்டும் சரி, ஆனாலும் ஏதோ இடிக்கிறது: ஐந்தாவதிலிருந்து பாருங்கள்.

இன்னொரு முன்னெச்சரிக்கை. சரியான எழுத்துக்கூட்டலுக்குக் கீழே கணினி சிவப்புக் கோடு போட்டால், உடனே சொல்லை மாற்றாதீர்கள். கோப்பின் மொழி அமெரிக்க ஆங்கிலமாக வைக்கப்பட்டிருக்கலாம். அமைப்புக்குள் போய் "இங்கிலீஷ், இந்தியா" அல்லது "இங்கிலீஷ், யுனைடெட் கிங்டம்" என்று மாற்றினால் பாதிக் கோடுகள் மறைந்துவிடும்.

## அறிகுறி 1: வாக்கியம் நீண்டுகொண்டே போகிறது, படிக்க மூச்சு முட்டுகிறது

காற்புள்ளியில் இரண்டு வாக்கியங்கள் தொங்குகின்றன. "ஐ கேம் டு யுவர் ஆபீஸ் யெஸ்டர்டே, தி மேனேஜர் வாஸ் நாட் தேர்." இதில் இரண்டு முழு வாக்கியங்கள் இருக்கின்றன. காற்புள்ளியை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வையுங்கள், அல்லது காற்புள்ளிக்குப் பிறகு "பட்" சேருங்கள். நான் முற்றுப்புள்ளியைத்தான் பரிந்துரைப்பேன். அலுவலகக் கடிதத்தில் சிறிய வாக்கியம் எழுதியவரை யாரும் குறைவாக மதித்ததில்லை.

"ஹவெவர்", "தேர்ஃபோர்" இணைப்புச் சொல்லாக நிற்கின்றன. "தி பஸ் வாஸ் லேட், ஹவெவர் வி ரீச்ட் இன் டைம்." தமிழில் "ஆனாலும்" இரண்டையும் சேர்த்துவிடும். ஆங்கிலத்தில் "ஹவெவர்" சேர்க்காது, "பட்" சேர்க்கும். "ஹவெவர்" வரும் இடத்துக்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், அதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி.

வினையெச்சம் வேறு எழுவாயோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய காரணம் இது. "மழை பெய்து குளம் நிறைந்தது" என்று தமிழில் எழுதலாம். பெய்தது மழை, நிறைந்தது குளம். இலக்கணமே அதற்கு இடம் கொடுக்கிறது. அதே பழக்கத்தில் மனு எழுதுகிறவர், "ஹேவிங் கம்ப்ளீட்டட் தி கோர்ஸ், தி சர்டிஃபிகேட் வாஸ் நாட் கிவன் டு மி" என்று எழுதுகிறார். ஆங்கில வாசகருக்கு இதன் பொருள், படிப்பை முடித்தது சான்றிதழ் என்பதுதான். "வாக்கிங் டு தி ஆபீஸ், தி ரெயின் ஸ்டார்ட்டட்" என்றால் அலுவலகத்துக்கு நடந்தது மழை.

சோதனை: வாக்கியத்தின் தொடக்கத்தில் "இங்" வடிவம் வந்தால், காற்புள்ளியை அடுத்து வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். அந்தச் செயலைச் செய்தது அதுதானா? இல்லையென்றால் முதல் பகுதிக்குச் சொந்த எழுவாயும் சொந்த வினையும் கொடுங்கள்: "ஆல்தோ ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் தி கோர்ஸ், தி சர்டிஃபிகேட் ஹேஸ் நாட் பீன் கிவன் டு மி."

மூன்றையும் பார்த்த பிறகும் வாக்கியம் நாற்பது சொல்லைத் தாண்டி நிற்கிறதென்றால் ஒட்டுப்போட முயலாதீர்கள். ஒவ்வொரு முற்றுவினைக்கும் ஒரு வாக்கியம் என்று உடைத்துப் புதிதாக எழுதுங்கள். அப்படி எழுதி முடித்தபின் வேண்டுமானால் இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கலாம்.

## அறிகுறி 2: வாக்கியம் பாதியில் நிற்பதுபோல் இருக்கிறது

எழுவாய் இல்லை. "வந்தேன்" என்றால் வந்தது நான் என்று தமிழ் வினையே சொல்லிவிடுகிறது. ஆங்கில வினைக்கு அந்த வசதி இல்லை. "வில் சென்ட் தி ஃபைல் டுமாரோ" என்று எழுதினால் யார் அனுப்புவது? "ஐ" சேருங்கள். "இஸ் வெரி ஹாட் டுடே" என்பதற்கு முன் "இட்" வேண்டும். செயப்படுபொருளும் இப்படித்தான் காணாமல் போகும்: "ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர் அண்ட் ரெட்" என்பதன் கடைசியில் ஓர் "இட்" விடுபட்டிருக்கிறது.

வினை இல்லை. "என் தந்தை விவசாயி" என்பது நிறைவான தமிழ் வாக்கியம். அதைப் பார்த்து எழுதிய "மை ஃபாதர் ஃபார்மர்" ஆங்கிலத்தில் வாக்கியமாகாது. "மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்." தமிழில் வினையே இல்லாமல் முடியும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதும்போதெல்லாம் "ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்" ஆகியவற்றில் ஒன்று தேவை.

காரணம் மட்டும் தனியாக நிற்கிறது. "ஐ குட் நாட் அட்டெண்ட் தி மீட்டிங். பிகாஸ் ஐ வாஸ் சிக்." தமிழில் "ஏனென்றால்" என்று புது வாக்கியம் தொடங்கலாம். ஆங்கிலத்தில் முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டுச் சேர்த்து எழுதுங்கள்.

ஒன்றுக்கு இரண்டு இணைப்பு. "ஆல்தோ ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஹேப்பி." "ஆல்தோ" இருந்தால் "பட்" வேண்டாம், "பிகாஸ்" இருந்தால் "ஸோ" வேண்டாம். எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒன்றை எடுத்தாக வேண்டும்.

## அறிகுறி 3: வினையின் காலமும் வடிவமும் தடுமாறுகின்றன

அதிகமாகத் திருத்தம் விழும் பகுதி இது. ஆகவே எளியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டு வினைகளும் இறந்தகாலம் காட்டுகின்றன. "ஐ டிட் நாட் வென்ட்." காலத்தை "டிட்" ஏற்கெனவே சுமந்துவிட்டது. அடுத்த வினை வெறும் வடிவத்தில் வரட்டும்: "ஐ டிட் நாட் கோ." "ஷி டஸ் நாட் நோஸ்" என்பதிலும் இதே கதைதான், "ஷி டஸ் நாட் நோ."

"முடியும்" இரண்டு முறை வந்துவிட்டது. "ஐ கேன் ஏபிள் டு டூ." "கேன்" போதும், அல்லது "ஆம் ஏபிள் டு" போதும். "கேன், மஸ்ட், ஷுட், வில்" ஆகியவற்றை அடுத்து "டு" வராது.

"வந்தால்" என்பதில் எதிர்காலம் நுழைந்துவிட்டது. "இஃப் யூ வில் கம் டுமாரோ, ஐ வில் கிவ் தி புக்." தமிழின் "வந்தால்" காலம் காட்டாது. ஆங்கிலத்தில் "இஃப்", "வென்", "ஆஃப்டர்", "அன்டில்" ஆகியவற்றால் தொடங்கும் பகுதியில், நடக்கப்போவதைச் சொன்னாலும் நிகழ்காலமே வரும்: "இஃப் யூ கம் டுமாரோ."

"இரு" என்ற துணைவினை "இங்" ஆக மாறியது. "வைத்திருக்கிறேன்", "தெரிந்திருக்கிறது" என்று நினைக்கிறோம். கை "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்", "ஐ ஆம் நோயிங் ஹிம்" என்று எழுதுகிறது. உடைமை, அறிவு, விருப்பம், நம்பிக்கை ஆகியவற்றைச் சொல்லும் வினைகள் பொதுவாக "இங்" ஏற்பதில்லை. "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்." சோதனை: இந்தச் செயலை ஐந்து நிமிடம் செய்துவிட்டு நிறுத்த முடியுமா? சாப்பாட்டை நிறுத்தலாம், ஆகவே "வி ஆர் ஹேவிங் லஞ்ச்" சரி. அண்ணன் இருப்பதை நிறுத்த முடியாது.

"யெஸ்டர்டே" வந்த வாக்கியத்தில் "ஹேவ்" அல்லது "ஹேட்". "பார்த்திருக்கிறேன்" என்பதை அப்படியே மாற்றினால் "ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே" வரும். முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் எளிய இறந்தகாலம் மட்டுமே: "ஐ சா ஹிம் யெஸ்டர்டே." அலுவலக மின்னஞ்சல்களில் இதைவிட அதிகமாகக் காண்பது "ஐ ஹேட் சென்ட் தி மெயில் யெஸ்டர்டே" என்பது. "ஹேட்" போட்டால் மரியாதை கூடுவதாக ஓர் எண்ணம் எப்படியோ பரவியிருக்கிறது. கூடுவதில்லை. கடந்த காலத்தில் நடந்த இரண்டில் எது முந்தியது என்று காட்ட வேண்டிய இடத்தில்தான் "ஹேட்" வரவேண்டும்: "வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி டிரெயின் ஹேட் லெஃப்ட்." ரயில் முதலில் போனது, நான் பிறகு போனேன். ஒரே ஒரு செயல்தான் இருக்கிறதென்றால் "ஹேட்" வேண்டாம்.

"சின்ஸ்", "ஃபார்" குழப்பம். "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்." இதில் இரண்டு பிழைகள். முதலாவதை நீக்கத் தமிழே உதவும். "2019 முதல்" என்று தமிழில் "முதல்" வந்தால் "சின்ஸ்". "ஐந்து ஆண்டுகளாக" என்று "ஆக" வந்தால் "ஃபார்". மாணவர்களுக்குச் சொல்லித்தந்தவற்றில் உடனே பலன் தந்தது இந்தச் சோதனைதான். இரண்டாவது பிழை வினையில் இருக்கிறது. "ஐந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன்" என்று தமிழ் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்று சொல்லும். அன்று தொடங்கி இன்னும் தொடர்கிறதென்றால் "ஹேவ் பீன்" அல்லது "ஹேஸ் பீன்".

எப்போது ஆளைத் தேட வேண்டும்: இந்த ஆறையும் பார்த்துத் திருத்திய பிறகும் ஒரே பக்கத்தில் காலம் முன்னும் பின்னும் தாவினால், பிழை தனி வாக்கியத்தில் இல்லை, சொல்முறையில் இருக்கிறது. ஒரு நல்ல ஆசிரியரோடு உட்கார்ந்து, உங்கள் சொந்தப் பக்கத்தையே வைத்துக்கொண்டு ஒரு மாதம் பயில்வது பிழைதிருத்தும் மென்பொருளைவிடப் பயன் தரும். ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வு எழுதப் போகிறவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். அதன் எழுத்துப் பகுதியில் மதிப்பிடும் நான்கு அளவுகோல்களில் ஒன்று இலக்கணம். நான்குக்கும் சம மதிப்பு.

## அறிகுறி 4: ஒருமையும் பன்மையும் மோதுகின்றன

எண்ணுக்குப் பின் ஒருமை. "பத்து மாடு", "ஐந்து ரூபாய்" என்று தமிழ் ஒருமையை ஏற்கும். "டென் இயர் எக்ஸ்பீரியன்ஸ்" என்று விண்ணப்பத்தில் வருவது அதனால்தான். "டென் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்" என்று எழுதுங்கள். ஆனால் எண்ணும் ஆண்டும் சேர்ந்து அடுத்த சொல்லுக்கு அடைமொழியானால் ஒருமைதான்: "எ டூ-இயர் கோர்ஸ்."

"ஒன் ஆஃப்" வந்த இடம். "ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட் ஆர்" என்பதில் இரண்டும் தலைகீழ். பலரில் ஒருவர், ஆகவே பெயர் பன்மை, பேசுவது ஒருவரைப் பற்றி, ஆகவே வினை ஒருமை: "ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் இஸ்."

எழுவாய் தூரத்தில் இருக்கிறது. "தி லிஸ்ட் ஆஃப் செலெக்டட் ஸ்டூடண்ட்ஸ் ஆர் அட்டாச்ட்." இணைக்கப்பட்டிருப்பது பட்டியல். மாணவர்கள் அல்லர். "ஆஃப்" முதல் உள்ள பகுதியை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள், "இஸ்" தானாக வரும். "எவ்ரிபடி", "ஈச்", "நோபடி" மூன்றும் பலரைக் குறித்தாலும் ஒருமை.

எண்ண முடியாத சொல்லுக்குப் பன்மை. "இன்ஃபர்மேஷன்ஸ், ஃபர்னிச்சர்ஸ், லக்கேஜஸ், அட்வைஸஸ், ஈக்விப்மெண்ட்ஸ்" எல்லாம் தவறு. தமிழில் "தகவல்கள்", "அறிவுரைகள்" இருப்பதால் கை அப்படிப் போகிறது. சந்தேகம் வந்தால், ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே வரும் அகராதியைத் திறங்கள். அதில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் "சி" அல்லது "யு" என்ற எழுத்து இருக்கும். "யு" மட்டும் இருந்தால் அந்தச் சொல்லுக்குப் பன்மையும் இல்லை, முன்னால் "எ" என்பதும் இல்லை.

"அவர்" யார்? "மை மதர் இஸ் எ டீச்சர். ஹி ஒர்க்ஸ் இன் எ கவர்ன்மெண்ட் ஸ்கூல்." தமிழின் "அவர்" ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருப்பதால் விழும் பிழை. மென்பொருள் பல நேரம் இதைத் தொடாமல் விட்டுவிடும். குடும்ப விவரம் எழுதும் பத்தியில் ஒவ்வொரு "ஹி", "ஷி" பக்கமும் விரல் வைத்து ஆளைச் சரிபாருங்கள்.

## அறிகுறி 5: எ, ஆன், தி எங்கே வரும், எங்கே வராது என்று தெரியவில்லை

தமிழில் இதற்கு நேரான ஏற்பாடே இல்லை. "ஒரு", "அந்த" இரண்டும் ஓரளவு ஒத்துப்போகும், பிறகு கைவிட்டுவிடும். ஆகவே இந்த வரிசையில் சோதியுங்கள்.

பெயர்ச்சொல் தனியாக நிற்கிறதா? எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் ஆங்கிலத்தில் பொதுவாக வெறுமனே நிற்காது. "ஐ பாட் புக்" தவறு. முன்னால் "எ", "தி", "மை", "திஸ்" ஏதாவது ஒன்று வேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே இந்தப் பகுதியின் பிழைகள் பெரிதும் குறைந்துவிடும்.

எது என்று வாசகருக்குத் தெரியுமா? முதல் முறை சொல்லும்போது "எ", அதையே மறுபடி குறிக்கும்போது "தி": "ஐ பாட் எ போன் லாஸ்ட் வீக். தி போன் இஸ் நாட் ஒர்க்கிங்." தமிழில் "ஒரு கைப்பேசி வாங்கினேன், அந்தக் கைப்பேசி வேலை செய்யவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். "அந்த" இயல்பாகப் பொருந்தினால் "தி" போடத் தயங்க வேண்டாம். ஆனால் "அந்த" பொருந்தாத இடத்திலும் "தி" வரலாம். உலகில் ஒன்றே உள்ளது என்றால், "தி சன்". சூழலில் ஒன்றே உள்ளது என்றால், "ப்ளீஸ் மீட் தி பிரின்சிபல்".

எ என்பதா, ஆன் என்பதா? எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைப் பாருங்கள். நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: அடுத்த சொல்லை உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதுங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் "ஆன்", உயிர்மெய்யில் தொடங்கினால் "எ". யூனிவர்சிட்டி "யூ" என்று தொடங்குகிறது, ஆகவே "எ யூனிவர்சிட்டி". எம்.எல்.ஏ. "எ" என்று தொடங்குகிறது, ஆகவே "ஆன் எம்.எல்.ஏ.". "ஆன் எம்.ஏ. டிகிரி", ஆனால் "எ பி.எஸ்சி. டிகிரி". "ஆன் ஆனஸ்ட் மேன்". ஓர் இடத்தில் மட்டும் கவனம்: "ஒன்" என்று நாம் எழுதும் எண்ணை ஆங்கிலத்தில் "வன்" என்றே ஒலிக்கிறார்கள். ஆகவே "எ ஒன்-டே ட்ரிப்". அதேபோல் எம், எல், எஸ் ஆகியவற்றை "யெம்", "யெல்", "யெஸ்" என்று ஒலிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தச் சோதனையில் ஏமாறக்கூடும்.

இடப்பெயர். ஊருக்கும் பெரும்பாலான நாடுகளுக்கும் "தி" இல்லை: சென்னை, இந்தியா, மலேசியா. ஆற்றுக்கும் மலைத்தொடருக்கும் உண்டு: தி காவேரி, தி நீலகிரிஸ். ஒற்றைச் சிகரத்துக்கு இல்லை: தொட்டபெட்டா, மவுண்ட் எவரெஸ்ட். "தி யுனைடெட் ஸ்டேட்ஸ்", "தி நெதர்லாண்ட்ஸ்" ஆகியவற்றில் "தி" பெயரின் பகுதியாகவே இருக்கிறது. மொழிப்பெயர் தனியாக வந்தால் "தி" வேண்டாம். "தி தமிழ் லாங்குவேஜ்" என்று விரித்தால் வேண்டும்.

நான்கு படிகளையும் தாண்டியும் சந்தேகம் மிஞ்சும். அன்றாட மின்னஞ்சல் என்றால் அனுப்பிவிடுங்கள். ஒரு "தி" விடுபட்டதால் பொருள் மாறுவது அரிது. அதற்காகக் கடிதத்தை ஒரு நாள் தாமதிப்பது வீண். ஆய்வேடு, வெளிநாட்டு இதழுக்கான கட்டுரை என்றால் திருத்துநரிடம் கொடுங்கள். ஆண்டுக்கணக்கில் நல்ல ஆங்கிலம் எழுதுகிறவர்களிடமும் கடைசிவரை மிஞ்சி நிற்பது இந்தப் பிழைதான்.

## அறிகுறி 6: சிறு சொற்கள் தேவையில்லாத இடத்தில் ஒட்டுகின்றன, தேவையான இடத்தில் உதிர்கின்றன

வேற்றுமை உருபு தமிழில் எங்கே வருகிறதோ அங்கே ஆங்கிலத்திலும் ஒரு சொல்லைப் போடத் தோன்றும். "அதைப் பற்றி விவாதித்தோம்" என்பது "வி டிஸ்கஸ்ட் அபவுட் இட்" ஆகிறது. "வி டிஸ்கஸ்ட் இட்" போதும். "சென்னைக்குப் போய்ச் சேர்ந்தேன்" என்பது "ஐ ரீச்ட் டு சென்னை" ஆகிறது, "டு" வேண்டாம். "ரிட்டர்ன் பேக்", "ரிவர்ட் பேக்" இரண்டிலும் "பேக்" மிகை. "ஆர்டர்", "ரெக்வெஸ்ட்" இரண்டும் வினையாக வந்தால் "ஃபார்" வேண்டாம், பெயராக வந்தால் வேண்டும்: "மை ரெக்வெஸ்ட் ஃபார் லீவ்."

உதிர்வன: "லிசன்" என்றால் "டு" கட்டாயம். "எக்ஸ்ப்ளெய்ன் மி" தவறு. "எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மி". "சஜஸ்ட் மி எ குட் டாக்டர்" என்பதும் அப்படியே. "சஜஸ்ட் எ குட் டாக்டர்".

இதற்கு விதி தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். ஒரே சோதனைதான்: அகராதியில் அந்த வினையைத் திறந்து எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பாருங்கள், பொருளை அல்ல. வினையை அதன் துணைச்சொல்லோடு சேர்த்தே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 7: கேள்வி சரியாக ஒலிக்கவில்லை

நேர்க்கேள்வி என்றால் துணைவினை முன்னால் வரவேண்டும். "வென் யூ வில் கம்?" தவறு, "வென் வில் யூ கம்?" சரி. கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போய்விட்டால் பழைய வரிசைக்கே திரும்ப வேண்டும். "ஐ வாண்ட் டு நோ வேர் இஸ் தி ஆபீஸ்" தவறு, "வேர் தி ஆபீஸ் இஸ்" சரி. தமிழில் "எங்கே இருக்கிறது என்று" என இணைக்கும்போது சொல்வரிசை மாறுவதில்லை. அதனால்தான் இந்த இரண்டு பிழைகளும் சேர்ந்தே வருகின்றன.

## அறிகுறி 8: இலக்கணப் பிழை தெரியவில்லை, ஆனாலும் வாசகர் முகம் சுளிக்கிறார்

"மைசெல்ஃப் குமார்" என்று அறிமுகம் தொடங்க வேண்டாம். "ஐ ஆம் குமார்". "அங்கேதான்" என்பதற்கு "தேர் ஒன்லி", "இன்றைக்கே" என்பதற்கு "டுடே இட்செல்ஃப்" என்று எழுதாமல், அழுத்தத்தை விட்டுவிட்டு "டுடே" என்று மட்டும் எழுதுங்கள். "ஐ பாஸ்ட் அவுட் இன் 2020" என்பதை வெளிநாட்டவர் மயங்கி விழுந்ததாகப் புரிந்துகொள்வார். "ஐ கிராஜுவேட்டட் இன் 2020" என்று எழுதுங்கள்.

எல்லாவற்றையும் களைய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். முன்தேதிக்கு மாற்றுவதைக் குறிக்கும் "ப்ரீபோன்" இந்தியாவில் வேரூன்றிய நல்ல பயன்பாடு, அகராதிகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. இந்திய அலுவலகத்துக்குள் அது நிற்கட்டும். கடல் கடந்து போகும் கடிதத்தில் வேறு சொல் போடுங்கள்.

## அறிகுறி 9: ஒரே வாக்கியத்துக்கு இரண்டு பொருள்

ஆபத்து அதிகம் உள்ள அறிகுறி இது, ஏனென்றால் மென்பொருள் இங்கே வாய் திறக்காது. "ஐ ஆம் நவ் ஏபிள் டு அட்டெண்ட்" என்று எழுத நினைத்து "நவ்" என்பதற்குப் பதில் "நாட்" என்று தட்டிவிட்டால், இரண்டும் இலக்கணப்படி சரி; பொருள் நேரெதிர். கிராமர்லி போன்ற கருவிகள் எழுதப்பட்டதைத்தான் பார்க்கும்.

முதலில் பெயர்களைப் பாருங்கள். "ரவி டோல்ட் குமார் தட் ஹி வாஸ் செலெக்டட்" என்றால் தேர்வானது யார்? பெயரைத் திரும்பப் போடுங்கள். அடுத்து "ஒன்லி" நிற்கும் இடம். அது எந்தச் சொல்லைக் கட்டுப்படுத்துகிறதோ அதை ஒட்டி இருக்கட்டும். கடைசியாகப் பட்டியலின் காற்புள்ளி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மிகைநேர ஊதியச் சட்டத்தில் விதிவிலக்கான வேலைகளின் பட்டியல் "பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்" என்று முடிந்தது. "ஆர்" என்பதற்கு முன் காற்புள்ளி இல்லை. அனுப்புவதற்கும் விநியோகிப்பதற்கும் பொதி கட்டுவது என்று ஒரே வேலையா, அல்லது விநியோகம் தனி வேலையா? ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் விநியோகம் செய்தார்கள், பொதி கட்டவில்லை. ஆகவே அது ஒரே வேலை, விதிவிலக்கு தங்களுக்குப் பொருந்தாது, மிகைநேர ஊதியம் வேண்டும் என்று வாதிட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது.

சோதனை: வாக்கியத்தை இன்னொருவரிடம் கொடுத்து, "இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "சரியாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் சரி என்றே சொல்வார்கள். ஒப்பந்தம், உயில், பிரமாணப் பத்திரம், நீதிமன்றத்துக்குப் போகும் எதுவானாலும் இந்தச் சோதனையோடு நிற்காமல் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். இலக்கணம் தெரிந்த நண்பர் அதற்குப் போதாது.

## திருத்துநரிடம் கொடுக்கும்போது

அச்சுப் பிரதியையோ பிடிஎஃப் கோப்பையோ கொடுக்காமல், திருத்தக்கூடிய கோப்பாகக் கொடுங்கள். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலா அமெரிக்கமா என்று முன்கூட்டியே சொல்லுங்கள். உங்களுக்குப் பிழைநீக்கம் மட்டும் வேண்டுமா, வாக்கியங்களை மாற்றி எழுதவும் வேண்டுமா என்று தெளிவுபடுத்துங்கள். இரண்டுக்கும் உழைப்பும் கூலியும் வேறு. ஆய்வேடானால் துறைச்சொற்களின் பட்டியலை இணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அவை "திருத்தப்பட்டு" வரும். மாற்றங்கள் கோப்பிலேயே தெரியும்படி செய்துதரச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் ஏற்றுக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூன்று முறைக்கு மேல் வந்த திருத்தம் எதுவோ, அடுத்த கடிதத்தில் முதலில் சோதிக்க வேண்டியது அதுதான்.